பிச்சையா ஸ்டோர் ஃபார் சேல்

ஜன்னல் சீட்டுல நீங்களே உக்காருங்க தம்பி. நான் இந்த ஓரத்துல இருந்துக்கிடுதேன். காத்து பிடிக்காதுன்னு இல்ல, காத்து நல்லாத்தான் இருக்கும். ராஜபாளையம் தாண்டினதும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பிளாட் போட்டுருக்கான்லா, வேலிக்கு வேலி ஒரு போர்டு நட்டு வச்சிருக்கான். அதுல இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை எழுதியிருக்கு. அதைப் பாத்தா எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுது. ஆடி மாசத்துல இருந்து இப்படித்தான்.

நீங்க என்ன வேலை பாக்கீங்க? வாத்தியாரா? என்ன பாடம்? கணக்கா. அப்ப சரி. இங்கிலீஷ் வாத்தியார்னா இந்நேரம் எந்திரிச்சுப் பின்னாடி சீட்டுக்குப் போயிருப்பேன்.

எனக்குச் சங்கரன்கோவில். பேரு ஆவுடையப்பன். ரத வீதியில பிச்சையா ஸ்டோர்னு ஜவுளிக்கடை, கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்படலையா? பரவாயில்ல. ஒரு காலத்துல சுத்துப்பட்டுக் கிராமம் பூரா அங்கதான் வந்து துணி எடுக்கும். பிச்சையா எங்க அப்பா. அவருக்கப்புறம் நான்தான் பாத்துக்கிட்டு வாரேன். நானும் என் வீட்டுக்காரியும். அவ பேரு சண்முகவடிவு. கல்லாவுல அவ இருப்பா, முன்னாடி நான் நிப்பேன். வேலைக்குப் பேச்சித்தாய்னு ஒரு அம்மா. முன்னாடி ஆறு பேரு இருந்தாங்க. இப்ப பேச்சி மட்டும்தான்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுதேன். நான் படிக்காதவன் இல்ல. அந்தக் காலத்து பி.ஏ. பாளையங்கோட்டையில படிச்சேன். எங்க தெருவுல முதல் டிகிரி நான்தான். பேங்க்ல ஏதாவது ஃபாரம் நிரப்பணும்னாலும், பாஸ்போர்ட்டுக்கு எழுதணும்னாலும், நேரா எங்க கடைக்குத்தான் வருவாங்க. ‘அண்ணாச்சி இங்கிலீஷ்ல புலி’ம்பாங்க. நானும் யாராவது தப்பா பேசினா அந்த இடத்துலயே திருத்திடுவேன். தப்பைத் தப்புன்னு சொல்லணும்லா. வடிவு ஒரு தடவை சேலை எடுக்க வந்தவங்ககிட்ட ‘இது லேட்டு மாடல்’னுட்டா. நான் அவங்க முன்னாடியே சொன்னேன், ‘லேட்டுன்னா செத்துப்போனவன்னு அர்த்தம், லேட்டஸ்ட்னு சொல்லு’ன்னு. வந்தவங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அவ இங்கிலீஷ் பக்கமே போறது இல்ல. ‘இது புதுசா வந்தது’ன்னு தமிழ்லயே சொல்லிப் பழகிக்கிட்டா. நல்லதுதானே.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

பைபாஸ்ல புதுசா ஒரு ஷோரூம் வந்திருக்கு. மூணு மாடி, ஏசி, வாசல்ல ஒரு ஆளு கும்பிடு போட்டுக்கிட்டே நிக்கான். ஆடிக்கு அந்தக் கடைக்காரன் பெருசா ஒரு போர்டு வச்சான். இங்கிலீஷ்லதான். ‘ஆன் சேல்’னு போட்டுருந்தான். நான் பஸ்ல போகும்போது பாத்துட்டுச் சிரிச்சேன் தம்பி. இத்தனை காசு போட்டுக் கடை கட்டினவனுக்கு ஒரு ப்ரிபொசிஷன் தெரியலையேன்னு. ஆன்னா மேலன்னு அர்த்தம். மேஜை மேல புஸ்தகம் இருக்குன்னா ஆன். சேலுக்கு மேல என்னத்தை வைக்க? கடைக்கு வந்து பேச்சிகிட்டகூடச் சொன்னேன். அவ ‘அப்படியா அண்ணாச்சி’ன்னுட்டு பாவாடைத் துணியை மடிச்சுக்கிட்டு இருந்தா.

நாமளும் ஒரு போர்டு வைப்போம், சரியான இங்கிலீஷ்ல வைப்போம்னு எனக்கு ஒரு வீம்பு. தமிழ்ல ‘ஆடித் தள்ளுபடி’ன்னு வழக்கமா ஒரு துணி கட்டுவோம். அது போதும்னு இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. அவன் இங்கிலீஷ்ல போடும்போது நாம தமிழ்ல போட்டா தோத்த மாதிரி இருக்கும்னு நினைச்சேன். வெறும் சேல்னு போட்டா மொட்டையா இருக்கு. ஆன் தப்பு. அப்ப எது சரி? ஃபார். ஃபார்னா ‘க்காக’. விற்பனைக்காக. இதுல என்ன குழப்பம்? ஒரு தாள்ல நானே அழகா எழுதினேன். ‘பிச்சையா ஸ்டோர் ஃபார் சேல்.’ கீழ ‘கான்டாக்ட்’னு போட்டு என் செல் நம்பர். பிளக்ஸ் அடிக்கிறவன் எழுதிக் கொடுத்ததை அப்படியே அடிச்சுக் கொடுத்தான். அவனுக்கு அது எழுத்து இல்ல, படம்.

அந்த ரெண்டு வார்த்தையை நானும் ஆயிரம் தடவை பாத்திருப்பேன். பாக்காமலா? இந்த ரோட்டுலயே எத்தனை தடவை போயிருக்கேன். அவன் நிலத்தை விக்கதுக்கு வச்சிருக்கான், நாம துணியை விக்கதுக்கு வச்சிருக்கோம், ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணியிருக்கு. என் புத்தி அவ்வளவுதான்.

தபசுக்கு முதல் நாள் காலையில போர்டைக் கட்டினோம். ஆடித் தபசுத் திருவிழான்னா எங்க ஊர்ல கூட்டம் எப்படின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஊசி போட இடம் இருக்காது. நான் எதிர்த்தாப்புல போய் நின்னு பாத்தேன். அப்பா பேரு மஞ்சள்ல, கீழ சிவப்புல பெருசா அந்த ரெண்டு வார்த்தை. போறவங்க எல்லாரும் நின்னு பாத்துட்டுப் போறாங்க. ஒருத்தர் ரெண்டு பேரு போட்டோகூட எடுத்தாங்க. எனக்கு நெஞ்சு நிமிந்துட்டு.

முதல் போன் தென்காசியில இருந்து வந்துச்சு.

‘போர்டு பாத்தோம். எத்தனை சதுர அடி?’

நான் சிரிச்சுட்டேன். ‘அடிக் கணக்கு எல்லாம் இல்லீங்க, நாங்க மீட்டர்லதான் கொடுக்கோம்’னேன்.

‘சரி, எத்தனை மீட்டர்?’

‘உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வெட்டித் தாரேன்’னேன்.

அந்த ஆளு ‘வெட்டியா?’ன்னான். அப்புறம், ‘பத்திரம் யாரு பேர்ல இருக்கு?’ன்னான். கிறுக்கன்போலன்னு வச்சுட்டேன்.

அப்புறம் பக்கத்துக் கடை ஜெபராஜ் வந்தான். செல்போன் கடை வச்சிருக்கான். சின்னப் பையனா இருந்தப்ப இருந்து தெரியும். வந்தவன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். ‘அண்ணாச்சி, எங்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. பக்கத்துல நான் இருக்கும்போது வெளியாளுக்கு ஏன் போகணும்?’

‘வெளியாளு உள்ளாளு எல்லாருக்கும்தான தம்பி போர்டு வச்சிருக்கு. நீயும் வா. வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வா.’

‘வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாரேன். அவளும் பாக்கணும்லா. ஒரே முடிவா பேசிக்கிடலாம்.’

‘பேசதுக்கு என்ன இருக்கு, எல்லாத்துலயும் விலை ஒட்டியிருக்கு’ன்னேன்.

அவன் என்னை ஒரு மாதிரியா பாத்துட்டுப் போனான். எதுக்கு இப்படிக் கண் கலங்குதான், ஒரு தள்ளுபடிக்குப் போயின்னு நினைச்சேன். நல்ல மனசுக்காரன்னு நினைச்சேன்.

பேச்சி அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. தூக்குச் சட்டியைத் திறக்காம அப்படியே வச்சிருந்தா. ‘என்ன, உடம்புக்கு முடியலையா?’ன்னு கேட்டேன். ‘இல்ல அண்ணாச்சி, தீபாவளி வரைக்குமாவது நான் இருக்கலாமா?’ன்னா. ‘நீ எங்க போகப்போற, நான்தான் உன்னைப் போகச் சொன்னேனா?’ன்னு சத்தம் போட்டேன். அவ முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டா. கூட்டத்துல எனக்கு அதுக்கு மேல கேக்க நேரம் இல்ல.

கூட்டம்னா கூட்டம் தம்பி. எங்க கடைக்கு அப்படி ஒரு கூட்டம் வந்து எத்தனை வருஷம் இருக்கும். எல்லாரும் வந்தாங்க. வந்து துணியும் எடுத்தாங்க, எங்கிட்ட நல்ல வார்த்தையும் சொன்னாங்க. பழைய தாசில்தார் ஆபீஸ் கிளார்க் ஒருத்தரு, வேட்டி எடுத்தவரு, ‘நல்ல நேரத்துல முடிவு எடுத்தீங்க’ன்னு சொல்லி முதுகுல தட்டினாரு. பூக்கடை ஆச்சி, ‘இனிமேலாவது கொஞ்சம் காலை நீட்டி உக்காருங்க அய்யா’ன்னா. எனக்கு எல்லாமே நம்ம போர்டைப் பாராட்டுத மாதிரியே கேட்டுச்சு. எந்தக் காது கேட்டுச்சோ.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். வடிவு அன்னைக்குக் கடைக்கு வரல. தபசுக்கு மாவிளக்கு எடுக்கதுக்கு வேலை இருக்குன்னு வீட்டுலயே இருந்தா. நான் போறதுக்கு முன்னாடியே அவளுக்கு யாரோ போர்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. இலை போட்டுருந்தா. பாயசம் வச்சிருந்தா. திருநாளுக்கு முந்தின நாளே எதுக்குப் பாயசம்னு கேக்கல, பசி. பரிமாறிட்டு வழக்கமா அடுக்களைக்குப் போயிடுவா. அன்னைக்குப் போகல. பக்கத்துலயே உக்காந்தா.

‘நல்ல காரியம் பண்ணீங்க’ன்னா.

‘போர்டு பாத்தியா?’

‘பாத்தேன். எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம். பரவாயில்ல.’

‘சொன்னா நீ வேண்டாம்பியோன்னு நினைச்சேன்.’

‘நானா?’ன்னு சிரிச்சா. ‘நான் எப்படிங்க வேண்டாம்பேன்.’

எனக்குச் சந்தோஷம். ‘பழசு எல்லாம் தேங்கிப் போச்சு வடிவு. தள்ளிவிட்டாத்தான் மனசு லேசாகும்’னேன்.

‘ஆமாங்க’ன்னா. ‘அதுதாங்க. மாமா பேருன்னு பாத்துக்கிட்டே இருந்தா ஆகுமா?’

மாமா பேரு இதுல எங்க வந்துச்சுன்னு எனக்குப் புரியல. இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்தினா. ‘கார்த்திகாகிட்டயும் சொல்லிட்டேன்’னா. கார்த்திகா எங்க மக. மதுரையில திருநகர்ல இருக்கா. ஒரே மக. ஆடித் தள்ளுபடியை அவகிட்ட எதுக்குச் சொல்லணும், அவளுக்கு அங்க கடையா இல்லன்னு நினைச்சேன். கை கழுவிட்டு வரும்போது பாத்தா, பரண்ல கிடந்த பெரிய சூட்கேஸ் கூடத்துல இருக்கு. ஈரத்துணி வச்சுத் துடைச்சுக்கிட்டு இருக்கா. வாய்க்குள்ள ஏதோ பாடுதா. தம்பி, எங்க கல்யாணம் ஆனதுல இருந்து அவ பாடி நான் கேட்டது இல்ல. குரல் நல்லாத்தான் இருந்துச்சு.

சாயங்காலம் கார்த்திகா போன் பண்ணா.

‘அப்பா, மேல் ரூமை ஒழிச்சுட்டேன். கட்டில் கூடப் போட்டாச்சு. நீங்களும் அம்மாவும் எப்ப வாரீங்க?’

‘எதுக்கு வரணும்? கடையில இவ்வளவு கூட்டம், சேல் நடந்துக்கிட்டு இருக்குல்லா.’

‘எப்ப முடிப்பீங்க? ஆளு அமைஞ்சிட்டா?’

‘எந்த ஆளு?’

‘கடையை வாங்கத ஆளுப்பா.’

‘கடையை யாரு விக்கா?’ன்னேன். அவ பொறுமையா கேட்டா. ‘அப்பா, போர்டுல நீங்க என்ன எழுதணும்னு நினைச்சு எழுதினீங்க?’ நான் சொன்னேன். ஆன் ஏன் தப்பு, ஃபார் ஏன் சரின்னு அதையும் சொன்னேன். அவ சிரிச்சுட்டா. சிரிச்சவ பாதியில நிறுத்திட்டா. ‘அப்பா, ஆன் சேல்னா தள்ளுபடி. ஃபார் சேல்னா கடையையே விக்கோம்னு அர்த்தம். நீங்க கடையை விக்கப்போறதாத்தான் ஊரே நினைச்சுக்கிட்டு இருக்கும்’னா.

கல்லா மேஜை மேல விரலால அந்த ரெண்டு வார்த்தையை எழுதிப் பாத்தேன்.

அவளே சொன்னா, ‘அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.’

ஏன் அப்படிச் சொன்னான்னு எனக்கு விளங்கல. சின்ன விஷயம், அவளே சொல்லியிருக்கலாம்லா.

நான் உடனே ஸ்டூலைத் தூக்கிட்டு வெளிய வந்தேன். போர்டைக் கழட்டணும். சட்டம் போட்ட பிளக்ஸ் தம்பி, நாலு மூலையிலயும் கயிறு போட்டு இறுக்கியிருக்கு. முடிச்சு அவிழ மாட்டேங்குது. கத்தரியை எடுத்து வெட்டுதேன். கீழ தபசுக் கூட்டம் போய்க்கிட்டு இருக்கு. ஒவ்வொருத்தனும் நின்னு அண்ணாந்து பாக்கான். நான் வேட்டியைப் பிடிக்கதா, கத்தரியைப் பிடிக்கதான்னு தெரியாம நிக்கேன். ஒரு கயிறு அறுந்து போர்டு ஒரு பக்கமா தொங்குது. அப்பா பேரு சாஞ்சு தொங்குது. கூட்டத்துல ஒருத்தன் கேட்டான்.

‘என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள வித்துட்டா?’

கேலிக்குக் கேக்கல. நிசமாத்தான் கேட்டான். அதுதான் தம்பி தாங்க முடியல. ‘நல்ல விலை கிடைச்சிட்டா?’ன்னு இன்னொருத்தன். நான் போர்டைத் தூக்கி உள்ள போட்டேன்.

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. தப்பா எழுதினது அவமானம்தான். ஆனா அது இல்ல எனக்குப் பெருசு. யோசிச்சுப் பாருங்க. எங்க அப்பா வச்ச கடை. அதை விக்கப்போறேன்னு ஊர் நடுவுல போர்டு தொங்குது. காலையில இருந்து எத்தனை பேரு வந்தாங்க. அதுல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, ‘அய்யோ, ஏன் விக்கீங்க’ன்னு கேட்டிருக்கணும்லா? ஒருத்தர்கூடக் கேக்கல. எல்லாரும் நல்லதுன்னுதான் சொன்னாங்க. ரொம்ப நாளா எதிர்பாத்த மாதிரி சொன்னாங்க. எனக்குத் தெரியாத ஒண்ணு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. அதை நினைச்சா தெருவுல தலை நிமிந்து நடக்க முடியல.

அன்னைக்கு வீட்டுக்குப் போய் வடிவுகிட்ட எப்படிச் சொல்லதுன்னு வழியெல்லாம் யோசிச்சேன். சிரிப்பா சொல்லிடுவோம்னு முடிவு பண்ணேன். சூட்கேஸ் அப்படியே திறந்து கூடத்துல கிடக்கு. உள்ள நாலைஞ்சு சேலை, என் வேட்டி சட்டை எல்லாம் அடுக்கியிருக்கா. நான் சிரிச்சுக்கிட்டே, ‘உன் புருஷன் பி.ஏ. படிச்ச லட்சணத்தைக் கேளு’ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். சதுர அடி கேட்டதை, மீட்டர்ல சொன்னதை, எல்லாம். நல்லாத்தான் சொன்னேன். யாரா இருந்தாலும் சிரிச்சிருப்பாங்க.

அவ சிரிக்கல. கையில ஒரு ஜாக்கெட்டை வச்சு மடிச்சுக்கிட்டு இருந்தா. அப்படியே நிறுத்திட்டு, ‘அப்ப விக்கலையா?’ன்னு கேட்டா.

‘விக்கதா? எங்க அப்பா வச்ச கடையை நான் எப்படி விப்பேன்? நீ எப்படி அதை நம்புன?’

‘சரி’ன்னா.

அவ்வளவுதான். சேலையெல்லாம் எடுத்துப் பீரோவுல வச்சா. சூட்கேஸை மூடினா. ஸ்டூல் போட்டு ஏறி அவளே பரண்ல தூக்கி வச்சா. நான் ஸ்டூலைப் பிடிக்கப் போனேன். ‘வேண்டாம், நான் இறங்கிக்கிடுவேன்’னா. அன்னைக்கு நான் சாப்பிடதுக்கு அந்தப் பாயசத்தையே சூடு பண்ணி வச்சா. அவ குடிக்கல. அவளுக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும் பாருங்க. புருஷனுக்கு இங்கிலீஷ் தெரியலைன்னு ஊர் சிரிச்சா எந்தப் பொம்பளைக்குத்தான் சோறு இறங்கும்.

மறுநாளு பழையபடி ‘ஆடித் தள்ளுபடி’ன்னு தமிழ்ல ஒரு துணி கட்டினோம். வந்த ஒரு அம்மாவுக்குக் கோவம். ‘விக்கேன்னு போட்டதாலதான் பாவம்னு வந்து ரெண்டு சேலை அதிகமா எடுத்தேன். இப்ப விக்கலைங்கீங்க’ன்னு சண்டை. ஜெபராஜ் வந்து விஷயத்தைக் கேட்டான். சிரிக்கல. ‘சரி அண்ணாச்சி, எப்ப தோணுதோ அப்ப சொல்லுங்க’ன்னான். எனக்கு எப்பத் தோணும்னு அவனுக்கு யாரு சொன்னா? பேங்க் ஃபாரம் நிரப்பித் தரச் சொல்லி வாரவங்க வரதை நிறுத்திட்டாங்க. நிறுத்தினாங்களோ, நான்தான் அவங்க வரும்போது உள்ள போய் நின்னுக்கிட்டேனோ, சரியாச் சொல்லத் தெரியல.

வடிவு வழக்கம்போல கடைக்கு வந்தா. கல்லாவுல உக்காந்தா. கேட்டா பதில் சொல்லுவா. முகத்துல கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. புரட்டாசியில ஒரு நாளு, ‘பத்து நாளு கார்த்திகா வீட்டுக்குப் போயிட்டு வாரேன்’னா. ஊர்க்காரங்க மூஞ்சியில முழிக்க முடியலபோல, பாவம், போயிட்டு வரட்டும்னு நானும் விட்டுட்டேன். பஸ் ஏத்திவிட்டேன். அந்தப் பெரிய சூட்கேஸைத்தான் எடுத்துட்டுப் போனா. பத்து நாளுக்கு எதுக்கு இவ்வளவு பெருசுன்னு கேட்டேன். ‘சின்னதுக்கு ஜிப்பு சரியில்ல’ன்னா.

பத்து நாளு போச்சு. தீபாவளி வந்துச்சு. அவ இல்லாத முதல் தீபாவளி. கல்லாவுல நான் உக்காந்தேன், முன்னாடி பேச்சி நின்னா. பேச்சி எந்தக் குறையும் வைக்கல, அவளே எல்லாத்தையும் பாத்துக்கிட்டா. வடிவு தினமும் போன் பண்ணுவா. ‘சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?’ அதோட வச்சிடுவா. எப்ப வாரேன்னு கேட்டா, ‘வாரேன்’னுவா.

போன வாரம் கார்த்திகா சொன்னா. ‘அப்பா, அம்மா இங்க காலையில பக்கத்து வீட்டு அம்மாங்களோட சேந்து நடக்கப் போறா. சாயங்காலம் கோயில்ல போய்ப் பாட்டு கத்துக்கிடுதா. நல்லாச் சிரிக்கா அப்பா. நான் இப்படிப் பாத்ததே இல்ல.’

எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. என்னத்தைச் சொல்லிச் சிரிக்கா? அந்த அம்மாங்ககிட்ட போர்டு கதையைத்தான் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருக்காபோல. எங்கிட்ட அன்னைக்குச் சிரிக்காதவ அங்க போய்ச் சிரிக்கா. நான் அந்தத் தெருவுக்குள்ள எப்படி நுழைவேன் சொல்லுங்க. ‘அதோ, ஃபார் சேல் வாராரு’ம்பாங்க.

இருந்தாலும் கூட்டிட்டு வரணும்லா. எத்தனை நாளு இப்படி. முந்தாநாளு நானே போன் பண்ணேன்.

‘நாளைக் கழிச்சு வாரேன். ரெண்டு நாளு இருந்துட்டு உன்னைக் கூட்டிட்டு வந்துடுதேன்’னேன்.

‘வாங்க’ன்னா. அப்புறம், ‘கடை?’ன்னு கேட்டா.

‘பேச்சி பாத்துக்கிடுவா. ரெண்டு நாளுதானே.’

லைன் கட்டாயிட்டோன்னு நான் ஹலோ ஹலோங்கேன்.

‘பேச்சி பாத்துக்கிடுவாளா?’ன்னு கேட்டா.

‘ஏன் பாக்க மாட்டா? எல்லாம் அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமா இருக்காள்லா.’

‘ஆமா. இத்தனை வருஷமா இருக்கா’ன்னா. மெதுவாத்தான் சொன்னா. ‘அப்ப நாமளும் எங்கயாவது ரெண்டு நாளு போயிருக்கலாம்லாங்க.’

இந்தா இருக்கு மதுரை. மூணு மணி நேரம் ஆகுமா தம்பி? காலையில ஏறினா மத்தியானத்துக்கு வந்து சேந்துடலாம். கார்த்திகா வீடு பால் காய்ச்சினப்ப வடிவு காலையில வந்து சாயங்காலமே திரும்பிட்டா. ராமேஸ்வரம் போகணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா. குற்றாலம், அது எங்க ஊருக்குப் பக்கம், அங்ககூட… இது எல்லாம் எனக்கு அந்தப் போனை வச்சுக்கிட்டு நிக்கும்போதுதான் ஒண்ணு ஒண்ணா வந்துச்சு. அவ எதையும் சொல்லல. அவ அந்த ஒரு வார்த்தைதான் கேட்டா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அப்ப எல்லாம் சீசன் வடிவு’ன்னேன்.

‘அத்தனை வருஷமுமா சீசன்?’ன்னா.

போனை அவ வைக்கல. நான் பதில் சொல்லுவேன்னு அப்படியே வச்சிருந்தா. அடுக்களையில குக்கர் சத்தம் கேட்டுச்சு, பேரன் ஏதோ கத்துதான். நான் ஒண்ணும் சொல்லல தம்பி. என்ன சொல்ல? அவளே, ‘சரி, பாத்து வாங்க. திருநகர் ஸ்டாப்புலயே இறங்கிடுங்க, நான் வந்து நிக்கேன்’னா.

போர்டு விஷயத்துக்கு ஊர் முன்னாடி வெக்கமா இருந்துச்சு. ஊருன்னா நாலு பேரு, பாக்காம போயிடலாம், அந்தப் பக்கம் திரும்பிக்கிடலாம். இவ ஸ்டாப்புல வந்து நிப்பா.

என்ன, திருமங்கலம் போயிட்டா? அப்ப அடுத்தது திருநகர்தானா. அதுக்குள்ளயா.

தம்பி, ஸ்டாப்பு வந்துட்டு, கொஞ்சம் ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. பச்சைக் குடை பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா நிக்காங்களா? கொஞ்சம் பருமனா, கண்ணாடி போட்டு. நிக்காங்களா. தனியாவா, கூட யாராவது இருக்காங்களா? தனியாத்தானா. சிரிச்ச முகமா இருக்காங்களா, எப்படி இருக்காங்க? ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காங்களா.

இல்ல, நீங்க எந்திரிக்க வேண்டாம். வழி எல்லாம் விட வேண்டாம். நான் இறங்கல. கண்டக்டர் தம்பி, விசில் கொடுங்க, இறங்க ஆளு இல்ல. எனக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட் கொடுங்க. தெரியும், திருநகர்னுதான் கேட்டு வாங்கினேன். மாட்டுத்தாவணிக்கே கொடுங்க.

அங்க இருந்து டவுன் பஸ்ல திரும்பி வந்துடுவேன் தம்பி. அவ நின்னுக்கிட்டுத்தான் இருப்பா, போக மாட்டா. கொஞ்ச நேரம் கிடைக்கும்லா, அதுக்குள்ள ஒரு பதில் யோசிச்சுக்கிடுதேன்.